சுவருக்கு முன்னே சித்திரம்
தொழில் கற்போம்: வீட்டு அறையைத் தூரத் தோற்றப் படமாக வரைந்து, வண்ணம் தீட்டிக் காட்டும் முறை



"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பது பழமொழி. வீடு கட்டும் விஷயத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சித்திரம் இருந்தால்தான் சுவர் சரியாக வரும். சுவர் எழும்பிய பிறகு "அடுப்பு இந்தப் பக்கம் இருந்திருக்கலாமே" என்று சொல்லிப் பயன் இல்லை. இடித்துக் கட்டினால் கொத்தனார் கூலி இரண்டு தடவை, சிமெண்டும் இரண்டு தடவை. கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இந்த இதழில் நாம் கற்கப் போவது, கட்டாத அறையைக் கட்டி முடித்தது போல ஒரு தாளில் வரைந்து காட்டும் முறை. வீடுகளின் உள் அலங்காரம் செய்பவர்கள் இதை 'பெர்ஸ்பெக்டிவ்' என்பார்கள். நாம் 'தூரத் தோற்றப் படம்' என்று சொல்வோம். வரைந்த படத்துக்கு நிழலும் வண்ணமும் கொடுத்து உயிரூட்டுவதற்கு 'ரெண்டரிங்' என்று பெயர். பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த கைக்கு இது எட்டாத வித்தை அல்ல.

இது நமக்கு எதற்கு?

"படம் வரையறதெல்லாம் இஞ்சினியர் வேலையாச்சே, நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நம் சொந்த வீடு. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். சமையல் செய்யும் இடமும் சேர்த்து சுமார் 269 சதுர அடி. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி என்று வகுக்கப்பட்டது. பத்துக்குப் பத்து அறை ஒன்று போட்டாலே 100 சதுர அடி போய்விடும். இவ்வளவு சிறிய இடத்தில் கதவு ஒன்றரை அடி தள்ளி வந்தால் கூட பீரோ வைக்க இடமிருக்காது. நாள் முழுக்க அந்த வீட்டில் புழங்கப் போவது பெண். அடுப்பு எங்கே, அம்மி எங்கே, துணி மடித்து வைப்பது எங்கே என்று அவளிடம் கேட்காமலே சுவர் எழும்பிவிடுகிறது.

இரண்டாவது, வரைபடத்தைப் படிப்பதில் உள்ள சிரமம். இஞ்சினியர் கொடுக்கும் 'பிளான்' என்பது கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்த படம். அதில் நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. பரண் தலையில் இடிக்குமா, ஜன்னல் வெளிச்சம் அடுப்பில் விழுமா என்பது அதில் தெரியாது. அதனால்தான் பிளானைப் பார்த்து "சரிங்க" என்று தலையாட்டியவர்களே வீட்டைப் பார்த்த பிறகு "இப்படியா சொன்னேன்?" என்கிறார்கள். தூரத் தோற்றப் படம் என்றால் வீட்டில் உள்ள பெரியவர் முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை எல்லோருக்கும் புரியும்.

மூன்றாவது, வருமானம். நம் உறுப்பினர்களில் தையல் தெரிந்தவர்கள் பலர். திரைச்சீலை, மெத்தை உறை, சோபா உறை தைக்கிறோம். பக்கத்துக் கரூர் வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பேர் போன ஊர். வெறும் துணியை விரித்துக் காட்டினால் விலையைத்தான் கேட்பார்கள். அந்தத் துணி அவர்கள் வீட்டு ஜன்னலில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டினால் ஆர்டர் கொடுப்பார்கள்.

தூரம் போகப் போகச் சிறுக்கும்

பாடத்தின் அடிப்படை ஒரே வரிதான். ஒரே அளவுள்ள பொருள், தூரம் போகப் போகக் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும்.

நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் ஒரு நீளமான கோழிக் கொட்டகையின் முனையில், நடுவாக நின்று உள்ளே பாருங்கள். இரண்டு பக்கத் தூண்களும் ஒரே உயரம்தான். ஆனால் தூரத்துத் தூண் விரல் உயரம்தான் தெரியும். கூரை ஓரம் கீழே இறங்கி வருவது போலவும், தரை மேலே ஏறிப் போவது போலவும், இரு பக்கக் கூண்டு வரிசைகளும் நெருங்கி வருவது போலவும் இருக்கும். எல்லாம் ஒரே ஒரு புள்ளியை நோக்கித்தான் போகும்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஐந்தரை அடி. அது எந்த இடத்திலும் மாறாது, மாறினால் ரயில் கவிழ்ந்துவிடும். ஆனாலும் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரிகிறது. அவை சேரும் அந்த இடத்துக்கு 'மறைபுள்ளி' என்று பெயர்.

இந்தப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கும்? பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் குறுக்கே போடும் கோடு 'கண்மட்டக் கோடு'. நின்று பார்த்தால் உயரும், தரையில் உட்கார்ந்து பார்த்தால் தாழும். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள பொருளின் மேல்பக்கம் நமக்குத் தெரியும் (சமையல் மேடை போல). மேலே உள்ள பொருளின் அடிப்பக்கம் தெரியும் (பரண் போல). இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கொஞ்சம் வரலாறு

இந்தக் கணக்கை இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் புருனலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து காட்டினார். ஆல்பர்ட்டி என்பவர் 1435-ல் அதை நூலாக எழுதி விளக்கினார். நம் நாட்டில் ராஜா ரவிவர்மா (1848–1906) படங்களில் மாளிகைத் தூண்களும் படிகளும் பின்னோக்கிப் போவது இந்த முறையில்தான். சென்னையில் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி இம்மாதிரி வரைகலையைப் பாடமாகக் கற்றுக் கொடுத்தது. நம் மண்ணிலும் ஓவியர் உண்டு. மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பாட்டு எழுதுவதோடு படம் வரைவதிலும் வல்லவர்.

கோயில் சுவர் ஓவியங்களில் இந்த முறை இல்லையே என்று நினைக்க வேண்டாம். அங்கே தெய்வம் பெரியது, அடியார் சிறியவர் என்று பெருமையை வைத்து அளவு போட்டார்கள். நாம் தூரத்தை வைத்து அளவு போடுகிறோம். நோக்கம் வேறு, முறையும் வேறு.

பிற்காலத்தில் கேரளத்தில் குறைந்த செலவு வீடுகள் கட்டிய லாரி பேக்கர் (1917–2007) சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி கைப்படப் படம் போட்டே சிறு புத்தகங்கள் எழுதினார். வீடு கட்டுபவருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே படம் ஒரு நல்ல மொழி என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தேவையான பொருட்கள்

அகலவாக்கில் வைத்த ஏ3 தாள் (42 செ.மீ. அகலம், சுமார் 30 செ.மீ. உயரம்), எச்.பி. பென்சில், 2பி பென்சில், அழிப்பான், 30 செ.மீ. ஸ்கேல், மூலைமட்டம், அளவு டேப், ஒரு குண்டூசி, ஒரு முழம் தையல் நூல், கலர் பென்சில் பெட்டி. தாளின் அடியில் ஓர் அட்டை இருக்கட்டும்.

அறையை வரையும் முறை

பத்தடி அகலம், பத்தடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஒரு சமையல் அறையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கச் சுவரை எடுத்துவிட்டு வெளியே நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1 அடிக்கு 1 செ.மீ. என்பது நம் கணக்கு.

படி 1: தாளின் நடுவில் 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் ஒரு சதுரம் போடுங்கள். இது எதிரே தெரியும் பின்சுவர்.

படி 2: சதுரத்தின் அடிக்கோட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லிய கோடு போடுங்கள். இது கண்மட்டக் கோடு. அதாவது நம் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருப்பதாகக் கணக்கு.

படி 3: அந்தக் கோட்டில், சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். இதுதான் மறைபுள்ளி. இங்கே குண்டூசியைக் குத்தி நூலைக் கட்டுங்கள். இனி எந்தக் கோடு எந்தப் பக்கம் போகும் என்று சந்தேகம் வந்தால் நூலை இழுத்துப் பிடித்தால் போதும்.

படி 4: மறைபுள்ளியிலிருந்து சதுரத்தின் நான்கு மூலைகள் வழியாக வெளிப்பக்கமாக நான்கு கோடுகள் இழுங்கள். இப்போதே இரு பக்கச் சுவர், தரை, மேல்தளம் நான்கும் தெரிய ஆரம்பிக்கும்.

படி 5: ஆழத்துக்கு வருவோம். பலர் குத்துமதிப்பாகப் போட்டுக் கெடுப்பது இந்த இடத்தில்தான். கண்மட்டக் கோட்டில், மறைபுள்ளிக்கு இடதுபுறம் சரியாக 20 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். இது 'அளவுப் புள்ளி'. பின்சுவரிலிருந்து 20 அடி தள்ளி நின்று பார்க்கிறோம் என்பது இதன் பொருள்.

படி 6: சதுரத்தின் அடிக்கோட்டை இடதுபுறம் நீட்டுங்கள். சதுரத்தின் இடது கீழ் மூலையிலிருந்து வெளிப்பக்கமாக 1 செ.மீ.க்கு ஒன்றாகப் பத்துப் புள்ளிகள் வையுங்கள்.

படி 7: அளவுப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கீழ்நோக்கிக் கோடு இழுங்கள். அது இடதுபக்கச் சுவரின் அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ, அதுவே முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. அந்த இடங்களிலிருந்து வலப்பக்கச் சுவர் வரை படுக்கைக் கோடு போடுங்கள். பிறகு சதுரத்தின் அடிக்கோட்டைப் பத்துப் பங்காக்கி, மறைபுள்ளியிலிருந்து அவற்றின் வழியாக முன்னோக்கிக் கோடு இழுங்கள். தரையில் ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் பதித்தது போலக் கட்டம் வந்துவிடும்.

சரிபார்க்க: ஐந்தாம் அடியின் படுக்கைக் கோடு 13.3 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். பத்தாம் அடியின் கோடு 20 செ.மீ. இருக்க வேண்டும். வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் 5-வது, 6-வது படிகளை மறுபடி அளந்து பாருங்கள்.

பொருட்களை வைப்பது

சமையல் மேடை: இடப்பக்கச் சுவரை ஒட்டி, 2 அடி அகலம், 6 அடி நீளம். நின்று சமைப்பவரின் முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறக்குறைய 33 அங்குலம், அதாவது இரண்டே முக்கால் அடி. பின்சுவரின் இடது கீழ் மூலையில் 2 செ.மீ. அகலம், 2.75 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி போடுங்கள். மறைபுள்ளி நூலைப் பெட்டியின் மூலைகள் வழியாக முன்னே இழுங்கள். தரைக் கட்டத்தில் ஆறாம் அடி வந்ததும் நிறுத்திச் செங்குத்துக் கோடு எழுப்புங்கள். மேடை தயார்.

ஜன்னல்: வலப்பக்கச் சுவரில், பின்சுவரிலிருந்து 3-ம் அடியில் தொடங்கி 6-ம் அடி வரை. அடிப்பக்கம் 3 அடி, மேல்பக்கம் 7 அடி உயரம். பின்சுவரின் வலது ஓரக் கோட்டில் 3 செ.மீ., 7 செ.மீ. குறித்து, மறைபுள்ளியிலிருந்து அவற்றின் வழியாக முன்னே கோடு இழுங்கள். தரைக் கட்டத்தின் 3-ம் அடி, 6-ம் அடிக் கோடுகள் வலது சுவரைத் தொடும் இடங்களில் செங்குத்துக் கோடு எழுப்புங்கள். நான்கும் சந்திக்கும் இடம்தான் ஜன்னல்.

ஆள்: அறைக்குள் ஒரு பெண் நிற்பதாக வரையுங்கள். அவள் எங்கே நின்றாலும் அவள் கண் ஏறக்குறைய கண்மட்டக் கோட்டில்தான் இருக்கும். கால் மட்டும் தூரத்துக்கு ஏற்ப மேலும் கீழும் மாறும். ஆள் ஒருவர் படத்தில் இருந்தால், பரண் எட்டுமா, மேடை தாழ்வா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

படம் கையில் இருந்தால் பேச்சு எப்படி மாறுகிறது பாருங்கள்:

"மேஸ்திரி, ஜன்னல் இந்த இடத்துல வந்தா காத்து நேரா அடுப்பு மேல அடிக்குமுங்க. அடுப்பை ரெண்டடி தள்ளிக்கலாமா?"

"தள்ளலாமுங்கம்மா. ஆனா சிங்க் தண்ணி வெளிய போற குழாயும் கூடவே மாத்தணும். இப்பவே சொன்னீங்க, நல்லதாப் போச்சு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை கோடும் போட்டோம். அஸ்திவாரத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்குச் செலவு ஒரு தாளும் அழிப்பானும் மட்டுமே.

நிழலும் வண்ணமும்

கோடு முடிந்தபின் தேவையில்லாத கோடுகளை அழித்துவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். நம் படத்தில் வலப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. பிறகு மூன்று அழுத்தம் என்ற விதியைப் பின்பற்றுங்கள். வெளிச்சம் நேராக விழும் பக்கம் வெளிர், சாய்வாக விழும் பக்கம் நடுத்தரம், விழாத பக்கம் அடர்த்தி. மேடையின் மேல்பக்கம் வெளிராகவும், நம்மைப் பார்த்த முன்முகம் நடுத்தரமாகவும், மேடைக்கு அடியில் உள்ள பகுதி இருட்டாகவும் வரும். பொருளின் நிழல் ஜன்னலுக்கு எதிர்த் திசையில் தரையில் விழ வேண்டும். நிழல் இல்லாத பொருள் காற்றில் மிதப்பது போலத் தோன்றும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைவாகு உண்டு.

சிவப்பு ஆக்சைடு தரை: செங்காவி நிறத்தைச் சீராகத் தடவி, ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெளுப்பாக விடவும்.

கடப்பா கல்: கறுப்போடு கொஞ்சம் நீலம். மேலே உள்ள பாத்திரத்தின் சாயல் கல்லில் செங்குத்தாக, மங்கலாகத் தெரிய வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரம்: முழுக்கச் சாம்பல் பூசாதீர்கள். அடர்ந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு பட்டை விட்டால் பளபளப்பு வந்துவிடும்.

மரக்கதவு: பழுப்பு நிறத்தின் மேல், மரத்தின் நீளவாக்கில் மெல்லிய ரேகைகள்.

பருத்தித் திரைச்சீலை: மடிப்பின் உள்ளே அடர்த்தி, மேட்டில் வெளிர். துணியின் கட்டமோ பூவோ மடிப்போடு சேர்ந்து வளைய வேண்டும்.

சுவரை முழுக்க வண்ணத்தால் நிரப்ப வேண்டாம். ஒரு சுவருக்கு வெளிர் நிறம் போதும். முன்னே உள்ளதை அழுத்தமாகவும் பின்னே உள்ளதை மெதுவாகவும் தீட்டினால் படத்தில் ஆழம் தெரியும்.

நாணயமான படம்

ஓர் எச்சரிக்கை. அளவுப் புள்ளியை 20-க்குப் பதில் 15 செ.மீ.யில் வைத்தால், அதே பத்தடி அறையின் முன் விளிம்பு 20 செ.மீ.க்குப் பதில் 30 செ.மீ. ஆகிவிடும். அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். விற்பனைக்கான படங்களில் சின்ன அறையும் விசாலமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு வழி. கட்டில், மேசையைச் சின்னதாகப் போட்டாலும் இதே மயக்கம்தான் வரும். அடுத்த முறை யாராவது அழகான படம் காட்டினால், "பின்சுவர் எத்தனை அடி? கட்டில் எத்தனை அடி?" என்று கேளுங்கள். நாம் வரையும் படத்தில் அந்த ஏமாற்று வேண்டாம். ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி ஆர்டர் தர மாட்டார்.

கணினியிலும் செல்போனிலும் இப்போது அறைப் படங்களை நொடியில் வரையலாம். ஸ்கெட்ச்அப், ஸ்வீட் ஹோம் 3டி போன்ற மென்பொருட்கள் இருக்கின்றன. பிள்ளைகள் உதவியோடு அவற்றையும் பழகுங்கள். ஆனால் கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் திரையில் வரும் படத்தில் எது நிஜம், எது ஜோடனை என்று தெரியும்.

வாடிக்கையாளரிடம் காட்டும்போது

ஓர் அட்டையில் நான்கு விஷயங்களை ஒட்டுங்கள்: அளவோடு கூடிய பிளான், தூரத் தோற்றப் படம், உண்மையான துணி மற்றும் வண்ண மாதிரி, செலவுப் பட்டியல். படத்தின் கீழே அளவு விகிதத்தையும் தேதியையும் எழுதுங்கள். வீட்டுப் பெண்களும் இருக்கும் நேரத்தில் காட்டுங்கள். மாற்றம் சொன்னால் படத்தின் மேலேயே பென்சிலில் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கிய பிறகே துணி வாங்குங்கள். படம் வரைந்த உழைப்புக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்கட்டும். நம் கை வேலையை நாமே இனாமாகக் கொடுத்தால் வாங்குபவர் அதற்கு மதிப்புத் தர மாட்டார்.

மேலும் படிக்க விரும்பினால்

10-ம் வகுப்பு முடித்த பெண்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் உள் அலங்கார வடிவமைப்புப் பிரிவு பற்றி விசாரிக்கலாம். சிவில் வரைவாளர் பிரிவும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையல் போலவே ஓவியத்துக்கும் லோயர், ஹையர் கிரேடு உண்டு. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு நடக்கிறது என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குழுவில் செய்து பாருங்கள்

1. கூட்டம் நடக்கும் அறையை டேப் வைத்து அளந்து, மேலே சொன்ன ஏழு படிகளில் வரையுங்கள். இருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் வரையட்டும்.

2. அதே அறையைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பது போல, கண்மட்டத்தை இரண்டரை அடியில் வைத்து மறுபடி வரையுங்கள். என்ன மாறுகிறது என்று பேசுங்கள்.

3. வீடு கட்டத் தொடங்கியிருக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், அவருடைய சமையல் அறையை எல்லோருமாகச் சேர்ந்து வரைந்து கொடுங்கள்.

4. வரைந்த படத்தை அடுத்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்தில், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே நமக்குப் பெரிய சாதனை. பிறகு கணக்கு எழுதினோம், வங்கி மேலாளரோடு உட்கார்ந்து பேசினோம். இப்போது நம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் கையாலேயே வரைந்து காட்டுவோம். முதல் படம் கோணலாக வந்தால் கவலை வேண்டாம். தாள்தானே, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த பாடம்: இரண்டு மறைபுள்ளிகள் வைத்து அறையின் மூலையை வரைவது.